சத்தம் போடாமல் வர வேண்டும்

திருவானைக்காவல்
22 ஜூன் 1958

அன்புள்ள லூர்துவுக்கு,

பிலோ உன்னைத் தேடுகிறாளா என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரியவில்லை. மூன்றரை வயதுக் குழந்தை தேடுகிறது என்பதை எதை வைத்துச் சொல்வது? அவள் அழவில்லை. உன்னைப் பற்றிக் கேட்கவும் இல்லை. காலையில் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ஆனால் பால்காரர் வரும் நேரமும் அதுதான். தெரியாததைத் தெரிந்ததாக எழுதி உன்னைச் சந்தோஷப்படுத்த எனக்கு வராது.

கல்லூரி விடுதியில் என் அறையைப் பூட்டிவிட்டு உன் வீட்டுக்குக் குடிவந்தாயிற்று. வேலம்மாள் சமைக்கிறாள். உன் கணவர் சரக்கு ரயிலோடு போய்விட்டு எப்போதாவது வந்து தூங்கிவிட்டுப் போகிறார். நான் வகுப்பு முடிந்ததும் பஸ் பிடித்துக் காவேரிப் பாலம் தாண்டி வந்து சேர்கிறேன்.

நீ சேர்த்துவிட்டுப் போன பள்ளிக்குப் பிலோ ஒழுங்காகப் போகிறாள். அதை நடத்துகிற ரங்கநாயகி என்னிடம் சரித்திரம் படித்தவள் என்பதை நீ என்னிடம் சொல்லவில்லை. பி.ஏ.வில் மூன்றாம் வகுப்பில் தேறியவள். பாடம் நடக்கும்போது ஜன்னல் வழியாக அணில் பார்ப்பாள். இப்போது சென்னையில் மாண்டிசோரி பயிற்சி முடித்துவிட்டு, ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்துக் குழந்தைகளுக்குக் கல்வி தருகிறாள். என்ன கல்வி? பாய் விரிப்பது, சுருட்டுவது. கூஜாவிலிருந்து தம்ளருக்குச் சிந்தாமல் தண்ணீர் ஊற்றுவது. பொத்தான் போடுவது. எழுத்து எப்போது என்று கேட்டேன். "அவளா கேக்கறச்சே சொல்லித் தருவேன் மேடம்" என்றாள். எழுத்து வேண்டும் என்று அடம்பிடித்த குழந்தையை நான் இதுவரை பார்த்ததில்லை.

இன்று காலை மாதா கோயில் பூசைக்குக் கிளம்பும்போது அவள் கவுனுக்குப் பொத்தான் போடப் போனேன். என் கையைத் தள்ளிவிட்டு, "நானே போட்டுக்கறேன், பெரியம்மா" என்றாள். மூன்று பொத்தான். போட்டு முடிப்பதற்குள் பூசையில் பாதி முடிந்திருக்கும்.

எடை கூடியதா, இருமல் குறைந்ததா என்று எழுது. முட்டையை ஒதுக்கிவைக்காமல் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா ரோசம்மாள்


சேசு மரி சூசை துணை

சானடோரியம், பெருந்துறை
5 ஜூலை 1958

பாசமுள்ள அக்காவுக்கு,

லூர்து எழுதுவது. இருமல் குறைந்திருக்கிறது. எடை கொஞ்சம் ஏறியிருக்கிறது. ஆனால் தொண்டையிலும் காச நோய் தொட்டிருக்கிறதாம். இனி உரக்கப் பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாமியார் காதில் பாவசங்கீர்த்தனம் செய்கிற குரலில்தான் எல்லோரோடும் பேசுகிறேன். பக்கத்துக் கட்டில் மயிலம்மாள், "நீ தண்ணி கேட்டாக்கூட யாரப் பத்தியோ கோள் சொல்ற மாதிரி இருக்குடி" என்று சிரிக்கிறாள்.

ரங்கநாயகி உன் மாணவி என்று சொல்லியிருந்தால் நீ வேண்டாம் என்றிருப்பாய். அதனால்தான் சொல்லவில்லை.

பிலோவுக்குத் தலை வாருவது யார்? உச்சியில் அவளுக்குச் சுழி. சீப்பு அந்தப் பக்கம் போனால் வலிக்கும், மெதுவாகப் போக வேண்டும். யார் பக்கத்தில் படுக்கிறாள்? பயந்தால் யாரைப் பிடித்துக்கொள்கிறாள்? குழந்தைகளை இங்கே உள்ளே விடமாட்டார்கள். கண்ணால் பார்க்க முடியாதவளுக்கு நீதான் கண். எதையும் விடாமல் எழுது. ஆனால் நான் இல்லாமலே அவள் ரொம்ப நன்றாக இருந்தால், அதைக் கொஞ்சம் குறைத்து எழுது.

உன் மூட்டு வலிக்குத் தைலம் தேய்க்கிறாயா? வேலம்மாளைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை,
லூர்துராணி


திருவானைக்காவல்
10 ஆகஸ்ட் 1958

அன்புள்ள லூர்துவுக்கு,

கல்லூரியில் வேலை அதிகம், பதில் தாமதமாகிவிட்டது. மூட்டு அப்படியேதான் இருக்கிறது. உன் தொண்டையைப் பற்றி டாக்டர் வேறு என்ன சொன்னார்?

தலை நான்தான் வாருகிறேன். என் பக்கத்தில்தான் படுக்கிறாள்.

ஆடிப் பெருக்கு முடிந்த வாரம் அந்தப் பள்ளிக்கு நேரில் போனேன். பார்க்க வருகிறவர்களுக்குக் கதவோரம் ஒரு சின்ன நாற்காலி. அதில் உட்கார்ந்து பார்க்கலாம், பேசக் கூடாது. இருபத்தைந்து வருஷமாக வகுப்பு எடுக்கிறவளுக்கு அந்த விதியை என் மாணவி சொன்னாள். உட்கார்ந்தேன்.

பிலோ ஒரு தட்டில் மொச்சைக் கொட்டை வைத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள். என்னைப் பார்த்தாள். பஸ்ஸில் எதிர் சீட்டுக்காரியைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுப் போய்ப் பாயில் உட்கார்ந்துகொண்டாள். நான் நாலு பாக்கெட் பிஸ்கட்டோடு போயிருந்தேன். ரங்கநாயகி குனிந்து என் காதருகே, "வேலைன்னு உக்காந்துட்டா யாரையும் பாக்கமாட்டா மேடம். தப்பா எடுத்துக்காதீங்கோ" என்றாள். நான் எதையும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன்.

கடைசியில் ஒரு விளையாட்டு நடந்தது. எழுதும்படியாக ஒன்றுமில்லை.

இன்னொரு விஷயம். உன் மகள் இப்போது தண்ணீரை "ஜலம்" என்கிறாள். செபஸ்தியான் ரயில் டியூட்டி முடிந்து வந்து தண்ணீர் கேட்டார். "செத்த இருங்கோ, ஜலம் கொண்டுவரேன்" என்றாள். வேலம்மாள் சிரித்துச் சிரித்துச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஞானஸ்நானம் குடுத்த புள்ளய அய்யங்கார் மாமி தூக்கிட்டுப் போயிடுச்சு பாருங்கம்மா." செபஸ்தியானும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வெயிலில் உட்காராதே. மருந்தை நேரத்துக்குக் குடி.

அன்புடன்,
அக்கா ரோசம்மாள்


சேசு மரி சூசை துணை

சானடோரியம், பெருந்துறை
21 ஆகஸ்ட் 1958

பாசமுள்ள அக்காவுக்கு,

மாதாவின் பரலோகத் திருநாளுக்கு எங்களையெல்லாம் கோயிலுக்கு நடக்க விட்டார்கள். மூச்சு வாங்கவில்லை. டாக்டருக்குத் திருப்தி.

பிலோ உன்னைத் தாண்டிப் போனாள் என்று படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை உன்னிடமே எழுதுகிறேன். கோபித்துக்கொள். உன் பக்கத்தில் படுக்கிறாள் என்ற ஒரு வரி என்னை இரண்டு நாள் சாப்பிட விடவில்லை. அதற்குப் பிறகு அந்தத் தட்டும் மொச்சைக் கொட்டையும் வந்தன. நன்றாகச் சாப்பிட்டேன்.

பிறகுதான் யோசித்தேன். உன்னிடமும் வரவில்லை என்றால் யாரிடம் போகிறாள்? டீச்சரிடமா? அம்மா என்று கூப்பிடுகிறாளா அவளை?

கடைசியில் நடந்தது என்ன விளையாட்டு? நீ எழுதாமல் விட்டது அதுதான். உனக்குப் பிடிக்காததை நீ எப்போதும் ஒரு வரியில் முடித்துவிடுவாய்.

மூட்டுக்கு நொச்சி இலை போட்டு ஒத்தடம் கொடுத்துப் பார்.

உன் தங்கை,
லூர்து


திருவானைக்காவல்
12 அக்டோபர் 1958

அன்புள்ள லூர்துவுக்கு,

எழுதி நாளாகிவிட்டது. இங்கே மழை. எல்லோரும் நலம். எக்ஸ்ரே எடுத்ததாகச் செபஸ்தியான் சொன்னார். முடிவு தெரிந்ததா?

பிலோவுக்குக் கண் வலி. ஊரெங்கும் இருக்கிறது. அதனால் வீட்டில்தான் இருக்கிறாள். சும்மா இருப்பானேன் என்று ஒரு சிலேட் வாங்கினேன். மாலையில் கல்லூரியிலிருந்து வந்ததும் கையைப் பிடித்து எழுத வைக்கிறேன். அ, ஆ, இ வரைக்கும் எழுதிவிட்டாள். ஈ கொஞ்சம் கோணுகிறது. உனக்கும் இப்படித்தான் நான் சொல்லிக்கொடுத்தேன், நினைவிருக்கும். அம்மா இறந்த வருஷம் அது. நீ ஒரு மாதத்தில் முடித்தாய். இவளும் முடிப்பாள்.

ஜலம் என்பது குறைந்துவிட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா ரோசம்மாள்


ஸ்ரீ

ஸ்ரீரங்கம்
20 அக்டோபர் 1958

மதிப்பிற்குரிய மேடம் அவர்களுக்கு,

ரங்கநாயகி அநேக நமஸ்காரம். பெருமாள் கிருபையில் இங்கு சௌக்கியம். தங்கள் தேக சௌக்கியத்துக்கும், தங்கள் தங்கையார் குணமடையவும் பிரார்த்திக்கிறேன்.

பிலோ பள்ளிக்கு வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. காரணம் கேட்டு எழுதவில்லை. அவளுடைய பாய் சுருட்டியபடி அதே மூலையில் இருக்கிறது. வேறு குழந்தைகள் அதை எடுப்பதில்லை என்று மட்டும் தெரிவிக்கிறேன்.

தாங்கள் வந்த அன்று மௌன விளையாட்டு முடிவதற்குள் எழுந்து போய்விட்டீர்கள். இப்போதும் தினமும் அதை விளையாடுகிறோம். அவள் பெயர் வரும் இடத்தில் நான் கூப்பிடாமல் ஒரு நிமிஷம் நிற்கிறேன். குழந்தைகளும் சத்தம் போடாமல் அவளுக்காகக் காத்திருக்கிறார்கள்.

மூன்றாம் வகுப்பு வாங்கினவள் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அவளைத் திரும்ப அனுப்புங்கள்.

தங்கள் மாணவி,
ரங்கநாயகி


சேசு மரி சூசை துணை

சானடோரியம், பெருந்துறை
9 நவம்பர் 1958

அக்காவுக்கு,

எக்ஸ்ரேயில் இடது பக்கம் சுத்தமாகிவிட்டது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

அவர் வந்திருந்தார். "கண்ணு வலியா? யாருக்கு? நான் போறப்பெல்லாம் பிலோ நல்லாத்தான இருக்கா. அக்கா பாடம் சொல்லிக் குடுக்கறாங்க, அதான் ஸ்கூலுக்கு அனுப்பலன்னு வேலம்மா சொன்னா" என்றார். அவர் எதையும் மறைக்கத் தெரியாதவர். பாவம், அதற்கப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொண்டுவந்த மணப்பாறை முறுக்கைத் தானே தின்றுகொண்டிருந்தார்.

நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் ஏன் அந்தப் பள்ளியில் சேர்த்தேன் தெரியுமா? படிப்புக்காக இல்லை. மாண்டிசோரி என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது. நீ வந்து என் வீட்டில் இருக்கப் போகிறாய் என்று முடிவானதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. என்னை வளர்த்தவள் நீ. நான் அம்மா என்று நினைத்தால் உன் முகம்தான் வருகிறது. அம்மாவின் முகம் வருவதில்லை. என் மகளுக்கும் அப்படி ஆகிவிடும். பாதி நாளாவது அவள் உன் கையில் இல்லாமல் இருக்கட்டும் என்றுதான் அங்கே சேர்த்தேன்.

இப்போது அந்தப் பாதி நாளையும் நீ எடுத்துக்கொண்டாய்.

லூர்து


திருவானைக்காவல்
14 டிசம்பர் 1958

அன்புள்ள லூர்துவுக்கு,

பிலோ இரண்டு வாரமாகப் பள்ளிக்குப் போகிறாள். அடுத்த வாரம் ஏகாதசிக் கூட்டம், அதற்கு மட்டும் லீவு.

உன் கடிதம் வந்ததால் அனுப்பினேன் என்று நினைத்துக்கொள். அப்படியே இருக்கட்டும். ஆனால் அதற்கு முன்பே ஒன்று நடந்துகொண்டிருந்தது. பிலோ தம்ளரைத் தொடுவதை நிறுத்திவிட்டாள். தாகம் எடுத்தால் என் முன்னால் வந்து வாயைத் திறந்துகொண்டு நிற்பாள். நான் ஊற்ற வேண்டும். பொத்தானுக்கும் நெஞ்சைக் காட்டிக்கொண்டு நிற்பாள். முதலில் எனக்கு அது பிடித்திருந்தது. மிகவும் பிடித்திருந்தது. பிறகு ஒரு நாள் ஔ வரை எழுதி முடித்தாள். நான் தட்டிக்கொடுத்தேன். சிலேட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இப்ப நான் எங்க போகணும்?" என்று கேட்டாள். 

அந்த விளையாட்டு என்ன என்று ஆகஸ்டிலேயே கேட்டாய். சொல்கிறேன். குழந்தைகள் எல்லோரும் ஹாலில் அசையாமல் உட்கார வேண்டும். டீச்சர் பின் அறைக்குப் போய்க் கண்ணில் படாமல் நின்று, ஒவ்வொருவர் பெயராக ரகசியம் போலக் கூப்பிடுவாள். தன் பெயர் கேட்ட குழந்தை எழுந்து, சத்தமே போடாமல் நடந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார வேண்டும். வழியில் எதையாவது தட்டிச் சத்தம் வந்தால் திரும்பி வந்து, மறுபடி கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டும். ஒருவரையும் விடாமல் எல்லோரையும் கூப்பிட்டு முடிப்பாள். அவ்வளவுதான்.

பிலோ பெயரைக் கூப்பிட்டபோது அவள் முகத்தை நான் பார்த்தேன். அந்த முகத்தை வீட்டில் நான் பார்த்ததில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டிலும் ஒரு தடவை செய்து பார்த்தேன். சமையலறைக்குள் நின்று கூப்பிட்டேன். அவள் வரவில்லை. வேலம்மாள்தான் வந்தாள். "ஏம்மா, யாருக்காச்சும் ஆப்சென்ட் போடப் போறீங்களா? தெருமுனை வரைக்கும் கேக்குது." ரகசியமாகக் கூப்பிடுவதாகத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் டீச்சரை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறாள். நீ கேட்ட மற்றதற்கு நான் பதில் எழுதப் போவதில்லை.

பனி அதிகம். கம்பளியைக் கழுத்துவரை போர்த்திக்கொள்.

ரோசம்மாள்


சேசு மரி சூசை துணை

சானடோரியம், பெருந்துறை
1 மார்ச் 1959

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்கு எழுதாமல் இரண்டு மாதம் இருந்துவிட்டேன். எழுத உட்கார்ந்தால் கோபம் வருகிறது. எழுந்தால் உன் நினைவு வருகிறது.

டாக்டர் போகலாம் என்று சொல்லிவிட்டார். வருகிற பதினான்காம் தேதி அவர் வந்து அழைத்து வருகிறார். சளியில் கிருமி இல்லை. குழந்தை பக்கத்தில் இருக்கலாம், முத்தம் மட்டும் இன்னும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம் என்கிறார்கள். குரல் இவ்வளவுதான், இனி திரும்பாது என்றும் சொன்னார்கள். மயிலம்மாள் போன மாதமே வீட்டுக்குப் போனாள். அவள் மகன் இவளைப் பார்த்ததும் அலறிக்கொண்டு மாட்டுக்கொட்டகைக்குள் ஓடிவிட்டானாம். கடிதம் போட்டிருக்கிறாள்.

ரங்கநாயகி அன்றைக்கு வீட்டுக்கு வர வேண்டாம். நீயும் அன்றைக்குக் கல்லூரிக்குப் போய்விடேன், அக்கா. பிலோ யாரைப் பார்த்து ஓடினாலும் பரவாயில்லை, உன்னிடம் ஓடுவதை மட்டும் நான் பார்க்கக் கூடாது. தவறாக நினைக்காதே. தவறாகத்தான் நினைப்பாய். ஆனாலும் போய்விடு.

உன் மூட்டு வலி எப்படி இருக்கிறது?

லூர்து


திருவானைக்காவல்
14 மார்ச் 1959

அன்புள்ள ரங்கநாயகிக்கு,

நலம். பள்ளியில் பரவியிருந்த அம்மை இறங்கிவிட்டது என்று கேள்விப்பட்டேன்; நல்லது. இன்று நடந்ததை உனக்கு எழுத வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் வேறு யாருக்கும் எழுத முடியாது.

லூர்து இன்று வந்தாள். என்னைக் கல்லூரிக்குப் போயிருக்கச் சொல்லியிருந்தாள். சனிக்கிழமை எனக்கு வகுப்பில்லை என்பதை மறந்துவிட்டாள். நானும் நினைவூட்டவில்லை.

ஜட்காவை விட்டு இறங்கி உள்ளே வந்து உட்கார்ந்தாள். மெலிந்திருந்தாலும் முகத்தில் தெளிவு. பிலோ அவளைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய், கூஜாவைச் சாய்த்துத் தம்ளரில் தண்ணீர் ஊற்றி, இரண்டு கையாலும் பிடித்து ஒரு சொட்டுச் சிந்தாமல் நடந்து வந்து நீட்டினாள். "ஜலம் குடிங்கோ" என்றாள். வீட்டுக்கு வருகிற யாருக்கும் அப்படித்தான் செய்கிறாள். நீ பழக்கியது.

லூர்து வாங்கிக் குடித்தாள். குடித்துக்கொண்டே அழுதாள். "பிலோம்மா, நான் அம்மாடி" என்றாள். அந்தக் குரல் குழந்தைக்குப் புதிது. தம்ளரைக்கூட வாங்கிக்கொள்ளாமல் ஓடிவந்து என் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். லூர்து என்னைப் பார்த்தாள். நான் பிலோவை விலக்கியிருக்கலாம். விலக்கவில்லை. என் கை அவள் தலைமேல் இருந்தது. செபஸ்தியான்தான், "வந்ததும் வராததுமா என்ன அழுகை, புள்ள பயப்படுதுல்ல" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

திங்கட்கிழமை நான் விடுதிக்குத் திரும்புகிறேன். அதற்குள் என்ன ஆகும் என்று தெரியவில்லை. உன் பயிற்சியில் இதற்கு ஏதாவது சொல்லிக்கொடுத்தார்களா?

15 மார்ச், ஞாயிறு. கடிதத்தை உறையில் போடவில்லை. மேலே கேட்ட கேள்விக்கு நீ பதில் எழுத வேண்டாம்.

இன்று காலை இட்லி சாப்பிட்டதும் லூர்து என்னிடம், "அந்த விளையாட்ட நீ எழுதினியே, இன்னொரு தடவ சொல்லுக்கா" என்றாள். நேற்றிலிருந்து என்னிடம் பேசியது அதுதான் முதல். சொன்னேன். எழுந்து பின் அறைக்குப் போனாள். நான் ஹாலில் நாற்காலியில் இருந்தேன். பிலோ தரையில் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"பிலோ."

அவ்வளவுதான் கேட்டது. அதற்கு மேல் அவளிடம் குரல் இல்லை. வாசலில் காக்கை கத்தியது இதைவிடச் சத்தம். குழந்தைக்குக் கேட்டிருக்காது என்று நினைத்தேன். நினைத்தேன் என்று மட்டும் எழுதுகிறேன்.

பிலோ நிமிர்ந்தாள். பாயை மெல்லத் தரையில் வைத்தாள். குனிந்து இரண்டு கால் கொலுசையும் மேலே ஏற்றி இறுக்கிவிட்டுக்கொண்டாள். நுனிக்காலில் நடந்து, என்னைத் தாண்டி, உள்ளே போனாள். அன்று உன் பள்ளியில் பார்த்த அதே முகம். நான் இருந்த இடத்திலிருந்து பின் அறை தெரிந்தது. லூர்து பக்கத்தில் போய் முழங்காலோடு முழங்கால் ஒட்டி உட்கார்ந்தாள். லூர்து அவளைத் தொடவில்லை, அசையவும் இல்லை. நான் சொல்லிக்கொடுத்தபடியே இருந்தாள்.

பிறகு பிலோ அவள் காதில் சொன்னது எனக்கும் கேட்டது. "பெரியம்மா பேரு இன்னும் கூப்பிடலியே."

 தண்டவாளத்தில் ஒரு சரக்கு வண்டி முழுதும் போய் முடிந்தது. நானும் அசையாமல் இருந்தேன்.

"ரோசக்கா."

எழுந்தேன். மூட்டு பிடித்துக்கொண்டது. நாற்காலியைப் பிடித்தேன், அது தரையில் கிறீச்சிட்டது.

"சத்தம் வந்துடுத்து பெரியம்மா" என்றாள் பிலோ. "திரும்பப் போய் உக்காருங்கோ. அம்மா மறுபடி கூப்பிடுவா."

போய் உட்கார்ந்தேன்.

ரோசம்மாள்